மூன்றாந்தரம் சொன்ன பின் பொருளைக் காணோம் என்றால்

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து குடியிருக்கும் நம்மவர் இல்லங்களில், ஏலத்தில் எடுத்த பொருள் ஒன்றேனும் இல்லாத இல்லம் அரிது. மாற்றல் உத்தரவு வந்ததும் பீரோவையும் கட்டிலையும் விற்றுவிட்டுப் புறப்படுவதும், புதிய ஊரில் இறங்கியதும் அங்கிருந்து புறப்பட்டவர் விட்டுச் சென்ற பீரோவையும் கட்டிலையும் ஏலக் கடையில் எடுப்பதும் நமக்குப் பழகிப்போன காரியங்கள். இவ்வாறு பணம் கட்டி எடுத்த பொருளை ஏலக் கடைக்காரரே தொலைத்துவிட்டால் வாங்கியவர் செய்யத்தக்கது யாது என்பதே இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம். நேயர் ஒருவரின் கடிதம் இதற்குத் தூண்டுகோலாயிற்று.

அன்பர் வட இந்திய நகரம் ஒன்றில் உத்தியோகத்தில் இருப்பவர். அவருடைய மூத்த பெண் சங்கீதம் பயில்கிறாள். ஊரிலிருந்து தம்புரா தருவிப்பது செலவு என்று எண்ணியிருந்த சமயத்தில், உள்ளூர் ஏலக் கடையில் பலாமரத்துத் தம்புரா ஒன்று வந்தது. ரூ.14,500-க்குக் கேட்டார், அவர் பெயருக்கே முடிந்தது. கமிஷனையும் வரியையும் சேர்த்து அன்றே முழுத் தொகையும் கட்டி, லாட் எண் குறித்த ரசீதும் பெற்றுக்கொண்டார். வண்டி பேசிக்கொண்டு நான்காம் நாள் போனபோது தம்புரா இல்லை. ‘தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்ற பதிலிலேயே மூன்று வாரம் கழிந்தது. பின்னர், ‘சுத்தியல் விழுந்தபின் பொருள் வாங்கியவர் பொறுப்பு என்று நிபந்தனைத் தாளில் அச்சிட்டிருக்கிறோம், ஆயினும் நல்லெண்ணத்தின் பேரில் ஏலத் தொகையை மட்டும் தருகிறோம், கமிஷனும் வரியும் கிடையா, இனி எவ்விதப் பாத்தியமும் இல்லை என்ற இந்தத் தாளில் கையெழுத்திடுங்கள்’ என்றார்களாம். கையெழுத்திடலாமா என்பது அன்பரின் கேள்வி.

இப்பொழுது இடலாகாது என்பதே நம் விடை. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடைக்காரர் எந்த விதியைக் காட்டி நம்மை மிரட்டுகிறாரோ, அந்த விதியே நமக்குக் கவசமாகவும் இருக்கிறது.

ஏல விற்பனை எப்பொழுது முடிவடைகிறது என்பதை 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64-ஆம் பிரிவில் சொல்கிறது. சுத்தியல் விழுந்தோ, வேறு வழக்கமான முறையிலோ விற்பனை முடிந்ததென்று ஏலம் விடுபவர் அறிவிக்கும்போது அது முடிகிறது. அதுவரை கேள்வி கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். அதன் பிறகு இயலாது. கையில் எடுத்துக் கொடுக்கத்தக்க நிலையிலுள்ள ஒரு குறிப்பிட்ட பொருள், நிபந்தனையின்றி விற்கப்பட்டால், ஒப்பந்தம் ஏற்பட்ட அந்தக் கணமே உடைமை வாங்கியவருக்கு மாறிவிடுகிறது என்று அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு கூறுகிறது. பணம் கட்டுவதும் பொருளை எடுப்பதும் பின்னால் நடந்தாலும் கேடில்லை. முழுப் பணமும் கட்டிய பின்னரே உடைமை மாறும் என்று சில கடைகள் நிபந்தனையில் எழுதுவதுண்டு. நம் அன்பர் அன்றே கட்டிவிட்டார். ஆகையால் எப்படிப் பார்த்தாலும் தம்புரா அன்று மாலையே அவருடையது.

உடைமை எவருடையதோ நட்ட அபாயமும் அவருடையதே என்பது 26-ஆம் பிரிவு. கடைக்காரர் வாசித்துக் காட்டியது இவ்வளவுதான். அதே பிரிவில் கீழே இரண்டு விதிவிலக்குகள் உள்ளன. அவற்றை அவர் வாசிக்கவில்லை. ஒருவருடைய குற்றத்தால் ஒப்படைப்பு தாமதமாகி, அத்தாமதம் இல்லாவிடில் நேர்ந்திராத நட்டம் நேர்ந்தால், அது குற்றம் செய்தவர் தலையில் விழும் என்பது ஒன்று. மற்றவருடைய பொருளைத் தம்மிடம் வைத்துக் காப்பவர் என்ற முறையில் விற்பவருக்கோ வாங்குபவருக்கோ உள்ள கடமைகளை இந்தப் பிரிவு எவ்வகையிலும் குறைக்காது என்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது விதிவிலக்கில்தான் நம் வழக்கின் உயிர் இருக்கிறது. சுத்தியல் விழுவதற்கு முன் தம்புரா கடையின் சரக்கு. விழுந்து, பணமும் கட்டிய பின் அது நம் வீட்டுப் பொருள். கடையில் அடைக்கலமாக இருக்கிறது. அடைக்கலப் பொருளைக் காப்பவர் யாராயினும், சாதாரண விவேகமுள்ள மனிதன் அத்தகைய தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வானோ அவ்வளவு கவனம் காட்ட வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு. உரிய காலத்தில் திருப்பிக் கொடாமல் போனால் அந்த நேரம் முதல் நேரும் இழப்புக்கும் சேதத்துக்கும் அவரே பொறுப்பு என்பது 161-ஆம் பிரிவு. அன்றியும், பொருள் எப்படிப் போயிற்று என்பது காத்தவருக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது. ஆகவே தாம் கவனமாக இருந்ததைக் காட்டும் பாரமும் அவர்மேலேயே விழும். ‘காணோம்’ என்ற ஒரு சொல் அதற்குப் போதாது.

இக்காரணத்தால், கடைக்காரரிடம் போய் ‘என் பணத்தைக் கொடு’ என்று தொடங்குவது பிசகு. ‘என் பொருளுக்குக் கணக்குச் சொல்’ என்று தொடங்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுத்து விற்பனையை ரத்துச் செய்ய ஒருதலையாக அவருக்கு உரிமை இல்லை. முடிந்த விற்பனையை இருவரும் சேர்ந்தால்தான் அவிழ்க்கலாம்.

‘நாங்கள் வெறும் தரகர், பொருளுக்கு உடையவர் வேறு, அவரைக் கேளுங்கள்’ என்று தட்டிக்கழிப்பவர்களும் உண்டு. அவர் யார் என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டார்கள்; ஏலத்தில் அது வழக்கமில்லையாம். நல்லது. தம் முதலாளியின் பெயரை வெளியிடாத ஏஜெண்டு தாமே ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவராகக் கருதப்படுவார் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு சொல்கிறது. பெயரை மறைக்கும் சௌகரியத்தையும் வைத்துக்கொண்டு, பொறுப்பையும் பெயர் தெரியாதவர்மேல் போடுவது நடவாது.

இனி, தேடும் விதத்தைச் சொல்வோம். பார்சல் ஆபீஸ் காரியங்களில் பழகிய நமக்கு இதில் சிறிது அனுபவம் உண்டு. காணாமற்போனவை என்று புகார் வரும் மூட்டைகளில் பல, உண்மையில் காணாமற்போனவை அல்ல. வேறொரு ஸ்டேஷனில், கணக்கில் சேராத உபரியாக மூலையில் கிடப்பவை. சீட்டு உரிந்து விழுந்திருக்கும். அல்லது ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்கு மற்றொன்று மாறிப்போயிருக்கும். ஓரிடத்தில் குறைவென்றால் மற்றோரிடத்தில் மிகுதி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது எங்கள் வழக்கம். ஏலக் கடைக்கும் இது பொருந்தும். பழஞ்சாமான் வியாபாரி ஒருவர் பத்து லாட்டுகளை ஒரே வண்டியில் ஏற்றுகையில் பதினோராவது ஒன்றும் கூடவே ஏறிவிடும். விலைபோகாத சாமான்களை உடையவர் திரும்ப எடுத்துச் செல்லும்போது விலைபோன சாமான் ஒன்றும் அவரோடே போய்விடும். ஆகவே பட்டியலில் நம் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள லாட்டுகளை எடுத்தவர் யார், ஏல நாள் முதல் நாம் போன நாள் வரை வெளியே சென்ற சாமான்களுக்குக் கேட் பாஸ் புத்தகத்தில் என்ன பதிந்திருக்கிறது, விலைபோகாதவை எவரிடம் திரும்பின என்பவற்றைப் பெயர் குறித்துக் கேட்க வேண்டும். கண்காணிப்புக் காமிராப் பதிவு சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானே அழிந்து, அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். அதைப் பத்திரப்படுத்தி வைக்கும்படி முதல் நாளே எழுத்தில் கேட்பது மிக அவசியம். மூன்று வாரம் ‘தேடுகிறோம்’ என்று சொல்ல விட்டுவிட்டால், அந்தப் படமும் போய்விடும்.

தவறுதலாக ஒருவர் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் பொருள் இன்னும் நம்முடையதே. அவரிடமிருந்து திரும்பப் பெறலாம். ஆனால் நமக்கு விற்ற பிறகு அதையே இன்னொருவருக்கு அதிக விலைக்கு மறுபடி விற்றிருந்தால் விஷயம் வேறு. நமக்கு விற்றது தெரியாமல் நல்லெண்ணத்துடன் வாங்கிப் பெற்றுக்கொண்டு போன அந்த இரண்டாமவருக்கு உடைமை செல்லுபடியாகும் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு அவரைக் காப்பாற்றுகிறது. அப்பொழுது பொருளை மறந்துவிட்டுக் கடைக்காரரைத்தான் பிடிக்க வேண்டும்; பிடிப்பதற்கு அதைவிட வலுவான காரணமும் வேண்டியதில்லை.

கடிதம் எழுதும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. டெலிபோனில் பேசியது பேச்சோடு போகும். ஏலத் தேதி, லாட் எண், பட்டியலில் உள்ள வருணனை, கட்டிய தொகை, எடுக்கப் போன நாள், அன்று பதில் சொன்னவர் எவர் என்பவற்றை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, பொருளை ஒப்படைக்கவோ மதிப்பைத் தரவோ 15 நாள் தவணை கொடுத்து, கையெழுத்துப் பெற்று ஒப்படைக்கும் தபாலில் அனுப்புக. பழைய பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், விரைவுத் தபாலிலேயே அந்த வசதியைக் கேட்டுப் பெற வேண்டும். வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய ‘தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்ற செய்திகளையும், ஏலத்துக்கு முன் வெளியிட்ட படத்தையும் அழித்துவிடலாகாது. நம் கடிதத்தைவிட அவர்கள் கைப்பட எழுதிய அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

களவு போயிற்று என்று கடைக்காரர் சொன்னால், போலீசில் புகார் கொடுத்தீர்களா, அதன் நகல் எங்கே என்று கேட்டுவிட வேண்டும். களவு கொடுத்தவர் புகார் கொடாமல் இருப்பதே ஒரு பதில்தான். பொருள் நம்முடையதாகையால் நாமே எழுதிக் கொடுக்கலாம். பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் உண்டு. ஆனால் வெறும் கவனக்குறைவைக் குற்ற வழக்காக்கப் பார்ப்பது வீண் அலைச்சல். கெட்ட எண்ணத்துக்கு அடையாளம் இருந்தாலன்றி ஸ்டேஷனில், ‘சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்புவார்கள். அப்படி அனுப்புவது பல சமயம் சரியாகவும் இருக்கும்.

எவ்வளவு கேட்பது? இதில்தான் நம்மவர் பெரும்பாலோர் கூச்சப்பட்டுக் குறைத்துக் கேட்கிறார்கள். ஏலத் தொகை, கமிஷன், வரி மூன்றும் திரும்ப வருவது அடிப்படை. கமிஷன் என்பது விற்று ஒப்படைப்பதற்கான கூலி. ஒப்படைக்காதவர் அதை வைத்துக்கொள்வதற்கு நியாயம் ஏது? வண்டிக்குக் கொடுத்த வாடகையும், பணம் அவர்கள் கையில் இருந்த நாட்களுக்கு வட்டியும் கேட்கத்தக்கவையே. அதற்கும் மேல் ஒன்று உண்டு. ஏலத்தில் மலிவாக அகப்பட்டது என்றால் அந்த மலிவும் வாங்கியவருடையது. அதே தரத்திலும் வயதிலும் உள்ள தம்புரா வெளியே ரூ.22,000-க்குத்தான் கிடைக்குமானால், இழப்பு ரூ.22,000-மே ஒழிய ரூ.14,500 அன்று. இதற்கு இசைக்கருவி விற்பவர் இருவரிடம் விலைப்புள்ளி எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் போதும். பெண்ணின் பாடம் மூன்று வாரம் தடைப்பட்ட வருத்தத்துக்கு விலை கட்டுவது கடினம். நுகர்வோர் ஆணையங்கள் மன உளைச்சலுக்கென்று ஒரு தொகை விதிப்பதுண்டு. அதை நம்பிக் கணக்குப் போடலாகாது.

அவர்கள் தருவதாகச் சொல்லும் தொகையை வாங்கவே கூடாதா என்றால், வாங்கலாம். ‘என் கோரிக்கையின் ஒரு பகுதியாக, மீதி உரிமைக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு வாங்கலாம். அவர்கள் அச்சிட்ட தாளில் மட்டும் கையெழுத்து வேண்டா. அதை நீட்டும் அவசரத்திலேயே, தங்கள் நிபந்தனைத் தாளின் வலுவில் அவர்களுக்கே நம்பிக்கை இல்லை என்பது தெரிகிறது. அத்தாளில் ஐயத்துக்கு இடமான வாசகம் இருந்தால், அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்வது நீதிமன்றங்களின் மரபு. பொருள் ‘வாங்கியவர் பொறுப்பு’ என்பது இடி மின்னலுக்கும் தீவிபத்துக்கும் எழுதியதா, யாரோ ஒருவர் வண்டியில் ஏற்றிவிட்ட அலட்சியத்துக்கும் சேர்த்து எழுதியதா என்ற கேள்வி அங்கே எழும்.

ஒப்புக்கொள்ளாவிடில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். இந்தியும் ஆங்கிலமும் தடுமாறும் நம் வீட்டுப் பெண்மணிகள் தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் அல்லர். கடைக்காரருக்கு எழுதிச் சமரசம் செய்து பார்ப்பார்கள். அதற்கும் மசியாவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ரூ.5 லட்சத்துக்கு மேற்படாவிடில் மனுவுக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். 2019-ஆம் ஆண்டின் சட்டம் செய்த ஒரு பெரிய உபகாரம் நம் போன்றவர்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. முன்பெல்லாம் எதிராளி இருக்கும் ஊரிலோ காரியம் நடந்த ஊரிலோதான் வழக்குத் தொடுக்க வேண்டும். இப்பொழுது மனுதாரர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள ஆணையத்திலேயே தொடுக்கலாம். ஏலம் எடுத்த மறுமாதம் ஜபல்பூருக்கு மாற்றல் ஆனவர் ஜபல்பூரிலேயே மனுக் கொடுக்கலாம் என்று அர்த்தம். ஊர் மாறிப் போய்விட்டான், இனி வரமாட்டான் என்று எண்ணும் கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்கக்கூடும். கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுவது நன்று.

இரண்டு தடைகளையும் மறைக்காமல் சொல்கிறோம். மறுவிற்பனைக்காக ஏலம் எடுக்கும் வியாபாரி, சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் அல்லர். அவர் 3 ஆண்டுகளுக்குள் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். மற்றொன்று, ஏலத்தில் எடுத்தவர் நுகர்வோரே அல்லர் என்று எதிர்த்தரப்பு வக்கீல் 2009-இல் சண்டிகர் நிர்வாகத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் காட்டக்கூடும். அது அரசு பகிரங்க ஏலத்தில் விட்ட மனைகளைப் பற்றியது. உள்ளது உள்ளபடி எடுத்த மனையில் பிற்பாடு வசதிகள் இல்லை என்று வந்த முறையீடு. பணம் வாங்கிய பின் பொருளைக் காத்து ஒப்படைக்கும் சேவையில் குறை என்பது நம் முறையீடு. மனுவின் முதல் பத்தியிலேயே இந்த வேற்றுமை தெளிவாக இருக்க வேண்டும்.

வாங்குபவர் பக்கத்துக் கடமையும் ஒன்று உண்டு. எடுத்துச் செல்லுங்கள் என்று அழைத்தும் நியாயமான காலத்துக்குள் எடுக்காமல் விட்டால், அதனால் நேரும் நட்டத்துக்கும் காத்து வைத்த செலவுக்கும் வாங்கியவரே பொறுப்பு என்பது 44-ஆம் பிரிவு. நம் அன்பர் நான்காம் நாள் போனார். குறை சொல்ல இடமில்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்து இரண்டு மாதம் கழித்து ரசீதை நீட்டுபவர் நிலை அப்படி அன்று.

ஏலக் கடைக்கு நேரில் போகாமல், பார்சலில் அனுப்பிவிடும்படி எழுதுபவர்களும் இப்பொழுது அதிகம். நம் சொற்படி கடைக்காரர் ரயிலிலோ லாரியிலோ ஒப்படைத்துவிட்டால், சட்டப்படி அது பெரும்பாலும் நம்மிடமே ஒப்படைத்ததற்குச் சமானம். அதற்குப் பிறகு தொலைந்தால் கேட்க வேண்டிய இடம் வேறு. ரயில்வேக்கு, பார்சல் ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் கோரிக்கை சேர வேண்டும். லாரிக் கம்பெனிக்கு, புக் செய்த நாளிலிருந்து 180 நாட்கள். ரயிலில் அனுப்புகையில், மதிப்பை அறிவித்து அதற்குரிய சதவீதக் கட்டணத்தைச் செலுத்தாவிடில், நட்டஈடு எடையைக் கொண்டு கணக்கிடும் ஒரு சிறு வரம்புக்கு மேல் போகாது. இரும்புப் பீரோவுக்கே அந்த வரம்பு காணாது. தம்புராவோ பார்வைக்குப் பெரிது, நிறையில் குறைவு. எடைக்கு எடை கணக்குப் பார்த்தால் வருவது புதுத் தந்திகள் மாட்டவே போதுமோ போதாதோ. புக்கிங் கவுண்ட்டரில் படிவத்தை நிரப்பும்போது மதிப்பு என்ற இடத்தைக் கோடிட்டு விட்டுவிட வேண்டா; வெளியூரிலிருந்து அனுப்பும் கடைக்காரருக்கும் அதை முன்கூட்டியே எழுதிவிடுக.